குருதியுண் பேயும் ஒருபாற் காதலும்: காரைக்கால் எல்லையில் நின்று ஒரு நோக்கு

பேய், அலகை, கழுது, குணங்கு, கூளி எனத் தமிழில் பேயினத்தைக் குறிக்கும் சொற்கள் பலவாம். நிகண்டு நூலார் இவற்றை ஒரு பொருட் பன்மொழியாகத் தொகுத்துரைப்பினும், வழக்கில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சாயல் உடையது. பிற்காலத்து வேதாளமும், நாட்டுப்புற வழக்கில் காட்டேரியும் இவ்வரிசையிற் சேர்ந்தன. மேனாட்டார் கூறும் குருதியுண்ணும் பிணத்தை நம்மவர் இரத்தக்காட்டேரி என்றே வழங்கி வருகின்றனர். காட்டேரியோ நம் ஊர்ப்புறங்களில் வழிபாடு பெறும் தெய்வமும் ஆகும். கூலியாட்களாய்க் கடல் கடந்த தமிழரோடு கயானா வரை சென்று, அங்கும் அத்தெய்வம் பலி பெறுகின்றது. எனவே இம்மொழிபெயர்ப்பு முழுப் பொருத்தமுடையதன்று. மேனாட்டுக் கதையில் வரும் பேய்க்குக் கோயில் இல்லை. அதற்கு உள்ளது கல்லறை மட்டுமே.

அக்கல்லறைப் பேயை நாயகனாகவோ நாயகியாகவோ கொண்டு, ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் காதலிக்கும் நிலையைப் புனையும் சிறுகதைகளும் நெடுங்கதைகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தனிவகையாக வளர்ந்துள்ளன. அவற்றுட் பல இன்பச்சுவையே மிக்கவை. இத்தகைய பொருளைத் தமிழாராய்ச்சியிதழில் எடுத்துக்கொள்ளுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். முப்பாலுள் ஒன்றைக் காமத்துப்பால் என்றே பெயரிட்டு ஓதிய மொழியில் இவ்வினாவிற்கு இடமில்லை என்பது எம் கருத்து. கற்கத்தக்க வேறொரு வினா உண்டு. சுடுகாட்டையும் குருதியையும் காதலையும் இவ்வளவு விரிவாகப் பாடிய தமிழ் இலக்கியம் இம்மூன்றையும் எவ்வாறு பிணைத்தது, அல்லது பிணைக்காது விட்டது என்பதே அது.

முதற்கண் வேதாளத்தைக் காண்போம். காசுமீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்துள் இக்கதைகள் இடம்பெற்றுள்ளன. தமிழில் இவை வேதாளக் கதை என்னும் பெயரால் வழங்கின. அத்தமிழ் வடிவத்தை பாபிங்டன் என்பார் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1831-இல் இலண்டனில் அச்சேறிற்று. ரிச்சர்டு பர்ட்டன் இக்கதைகளைத் தம் போக்கில் விரித்து, விக்கிரமனும் இரத்தக்காட்டேரியும் எனப் பொருள்படும் தலைப்பிட்டு வெளியிட்டது 1870-இல் ஆகும். தமிழ் வழியாகச் சென்ற வேதாளம் பர்ட்டனுடையதற்கு 39 ஆண்டு முந்தியது என்பதை ஈண்டுக் குறித்தல் தகும். பர்ட்டன் செய்த பெயர்மாற்றம் சிறிதன்று. நம் வேதாளம் குருதி பருகுவதற்காக அரசன் தோளில் ஏறவில்லை. கதை சொல்லவும் வினா எழுப்பவுமே ஏறுகின்றது. பர்ட்டன் அதனை ஐரோப்பியப் பேயின் பெயரால் அழைத்தமையின், படித்தோர் நெஞ்சில் இரண்டும் ஒன்றாயின. இதே பர்ட்டன் 1885-இலும் அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட அராபிய இரவுகளின் இறுதியுரையில் ஆண்களிடைக் காதலைப் பற்றி நீண்டதோர் ஆராய்ச்சியை எழுதிச் சேர்த்தார். வேதாளத்துக்குப் புதுப்பெயர் சூட்டிய கையே அதனையும் எழுதிற்று.

இனிப் பரணி. கலிங்கத்துப்பரணியின் தொடக்கத்தில் உள்ளது கடைதிறப்பு. கதவடைத்து ஊடிக் கிடக்கும் மகளிரை விளித்துக் கதவு திறக்குமாறு வேண்டும் அப்பகுதி முற்றும் இன்பச்சுவை. அதனை அடுத்துச் சில அடிகள் நடந்தால் காடு, காளியின் கோயில், பசியால் வாடிய பேய்கள். இறுதியிற் களத்தில் நிணமும் குருதியும் கொண்டு அப்பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. ஆகவே இன்பமும் குருதியும் ஒரே நூலில், ஒரே புலவர் நாவில் நிற்கின்றன. ஆயினும் செயங்கொண்டார் அவற்றைக் கலக்கவில்லை. கதவைத் திறக்கும் மகளிர் பேய் ஆகார். கூழுண்ணும் பேய்கள் காதலியர் ஆகா. மேலும், பரணிப் பேய் தனித்து உண்பதில்லை. பந்தியமர்ந்து, குருடு செவிடு முதலியவற்றுக்கும் பகிர்ந்தளித்து உண்கின்றது. மேனாட்டுக் கதையில் குருதியுண்ணல் இருவரிடை நிகழும் மறைவான செயல். பரணியில் அது ஊர்விருந்து. இவ்வேற்றுமையே பின்வரும் யாவற்றுக்கும் திறவுகோல் என்று யாம் கருதுகின்றோம்.

காரைக்காலைப் பேசுவோர் அம்மையாரை விடுத்துப் பேசுதல் இயலாது. புனிதவதியாரின் கணவன் பரமதத்தன், மாங்கனி வந்த அற்புதம் கண்டு அஞ்சி, கடல் வணிகத்தின் பெயரால் நீங்கிப் பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்தான். பிறந்த மகளுக்கு அம்மையாரின் பெயரையே இட்டான். அவர் வந்தபோது அடியில் வீழ்ந்து வணங்கினான். கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார் அம்மையார் எனச் சேக்கிழார் உரைப்பர். கங்கைகொண்ட சோழபுரத்துக் கூத்தப்பெருமான் சிற்பத்தின் அடியில், வற்றிய உடலோடு தாளமிட்டு அமர்ந்திருக்கும் அவ்வுருவை யாவரும் அறிவர். இவ்விடத்து ஒன்று நோக்கற்பாலது. மேனாட்டுக் கதையில் இறப்பு உடலின் அழகைப் பெருக்குகின்றது. இறந்தவன் இருந்தபோதினும் விரும்பத்தக்கவன் ஆகின்றான். அம்மையார் வரலாற்றிலோ பேய்மை அழகைக் களைகின்றது. ஆயினும் இரண்டிற்கும் பொதுவாவது ஒன்றுண்டு. மணவாழ்க்கை என்னும் ஒழுங்கினின்றும் வெளியேறுவார்க்குப் பேய்வடிவு ஒரு வாயில் ஆகின்றது என்பதே அது. மனைவி, தாய், மகள் என்னும் நிலைகளுள் எதனிலும் அடங்காத பெண் ஒருத்திக்கு ஆறாம் நூற்றாண்டில் வேறெவ்வுருவம் கிடைத்திருக்கும்?

நிற்க. மேனாட்டு வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதன்கண் ஒருவரிடத்து மட்டும் சற்றுத் தங்குவோம். பைரன் பெருமகனாரின் மருத்துவராய் இருந்த பாலிடோரி என்பார் எழுதிய குருதிப்பேய்க் கதை 1819-இல் வெளிவந்தது. அதில் வரும் பிரபு பைரனின் சாயல் என அக்காலத்தாரே கண்டுகொண்டனர். இளையவன் ஒருவன் அப்பிரபுவால் ஈர்க்கப்பட்டு உடன் திரிகின்றான். அவனைப் பற்றி எவரிடமும் வாய்திறவேன் என்று சூளுரைக்கின்றான். அச்சூளே அவனை அழிக்கின்றது. இருவர் மட்டும் அறிந்த, வெளியிற் சொல்லலாகாத பிணைப்பு என்னும் கரு இதன்பின் இவ்வகைக் கதைகளை விட்டு நீங்கவில்லை. அயர்லாந்து நாட்டு லெ பானு எழுதி 1872-இல் நூலுட் சேர்த்த கார்மில்லாவில் இப்பிணைப்பு இரு பெண்களிடையது. கார்மில்லா தன் காதலை லாராவிடம் வெளிப்படையாகவே பேசுகின்றாள். பின்னர்க் கல்லறை தோண்டப்பட்டுப் பேய் அழிக்கப்படுகின்றது. எனினும், ஆண்டுகள் பல கழிந்தும் கதவருகே அவள் காலடியோசை கேட்பதாக லாராவுக்குத் தோன்றுகின்றது என்றே கதை முடிகின்றது. அழித்தோர் வென்றனர், ஆனால் கதையின் கடைசிச் சொல் அவர்களுடையதன்று.

யாம் தங்க விரும்பியது காரல் ஐன்றிக் உல்ரிக்சு என்பாரிடத்து. 1825-இல் செருமானிய நாட்டு ஆனோவர் அரசிற் பிறந்த இவர் ஒரு சட்ட அறிஞர். தாம் ஆடவரையே காதலிக்கும் இயல்பினர் என்பதை மறையாது கூறியவர். 1864 முதல் இப்பொருள் பற்றிச் சிறுநூல்களை வெளியிட்டு வந்தார். அவர் பிறந்த ஆனோவரின் சட்டம், வயது வந்தோர் இருவர் ஒருமனப்பட்டு மறைவில் ஒழுகுவதைத் தண்டிக்கவில்லை. பிரசியாவின் சட்டம் தண்டித்தது. 1866-இல் பிரசியா ஆனோவரைக் கைப்பற்றவே, எல்லைக்கு அப்பால் இருந்த சட்டம் இப்பால் வந்தது. 1867 ஆகஸ்டு 29-ஆம் நாள் மியூனிக்கு நகரில் கூடிய செருமானியச் சட்ட அறிஞர் பேரவையின் முன் எழுந்து, இச்சட்டத்தை நீக்க வேண்டுமென உல்ரிக்சு வாதிட்டார். அவரைப் பேசி முடிக்கவும் விடாது கூச்சலிட்டு அமர்த்தினர். 1872 முதல் செருமானியப் பேரரசு முழுவதற்கும் அத்தண்டனை 175-ஆம் பிரிவாய் நிலைபெற்றது. அது முற்றும் நீங்கியது 1994-இல் தான்.

வாதத்தில் தோற்ற அவர் 1880-இல் இத்தாலிக்குச் சென்றார். 1885-இல் லைப்சிக்கில் வெளிவந்த அவருடைய மாலுமிக் கதைகளுள் ஒன்று மானோர் என்பது. பரோ தீவுகளில் நிகழும் கதை அது. கடலில் மூழ்கவிருந்த ஆர் என்பானை மானோர் என்னும் மாலுமி மீட்கின்றான். இருவரும் உயிர்நட்புப் பூணுகின்றனர். பின்னர் மானோர் கப்பலுடைந்து இறக்கின்றான். கரையில் ஒதுங்கிய உடலை ஊரார் அடக்கம் செய்கின்றனர். அவனோ இரவுதோறும் கல்லறையினின்று எழுந்து நண்பனிடம் வருகின்றான். ஆர் வெளிறி நலிவது கண்ட ஊரார் குழியைத் தோண்டிப் பிணத்தின் மார்பில் கழு அறைகின்றனர். அவன் கழுவினின்று கழன்று மீண்டும் வரவே, தலை அகன்ற கழுவொன்றை அறைந்து நிறுத்துகின்றனர். வருகை நிற்கின்றது, பிரிவாற்றாது ஆர் இறக்கின்றான். என்னை அவனோடு ஒரே குழியில் வையுங்கள், அவன் மார்பிலுள்ள கழுவைப் பிடுங்கிவிடுங்கள் என்று தாயிடம் அவன் வேண்டுகின்றான். அவ்வாறே செய்கின்றனர்.

மன்றத்தில் கூறவியலாததைச் சட்ட அறிஞர் கதையிற் கூறினார் என்பது வெளிப்படை. கழு என்பது சட்டம். அதனை அறைவோர் ஊரார். பிடுங்க வேண்டுவான் இறப்பவன். அதே 1885-இல் இங்கிலாந்தில் லபூசேர் என்பார் கொண்டுவந்த திருத்தம் ஆண்களிடை நிகழும் எவ்வகை உறவையும் குற்றமாக்கிற்று. அதன்கீழ் ஆசுகார் வைல்டு சிறை புகுந்தது 1895-இல். உல்ரிக்சு இத்தாலியில் மறைந்ததும் அவ்வாண்டே. இரண்டாண்டு கழித்து டிராகுலா வெளிவந்தது.

இவ்வரலாற்றை மட்டும் காண்போர், சட்டம் வாயை அடைத்தமையின் காதல் பேயுருக் கொண்டது என்று எளிதில் முடிவு கட்டுவர். அம்முடிவைச் சோதித்தற்கு ஏற்ற இடம் காரைக்கால். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வட்டாரம் நாற்புறமும் தஞ்சைச் சீமையாலும் கடலாலும் சூழப்பட்டது. 1819-இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் அறிவிக்கப்பட்டன. 1810-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், பொதுவிடத்தில் நாணழிந்து ஒழுகுவதை ஒறுத்ததேயன்றி, வயது வந்தோரின் மறைவான ஒருபால் உறவைக் குற்றமென ஓதவில்லை. எல்லைக்கு அப்பாலோ, 1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அதனை ஆயுட்காலத் தண்டனைக்குரியதாக்கிற்று. விழிதியூரில் இருந்த ஒருவனைத் தொடாத சட்டம், சில கல் தொலைவு நடந்து தஞ்சை மாவட்டத்துள் அவன் கால் வைத்த அளவில் அவனைத் தொட்டது. ஒரே வயல், ஒரே வாய்க்கால் நீர், ஒரே பேச்சு; சட்டம் மட்டும் இரண்டு.

1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கும் விரிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னரே, அவ்விடுதலையின் ஒரு கூறாகவே, வெள்ளையர் வகுத்த 377-ஆம் பிரிவு காரைக்காலுக்கு வந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆனோவருக்குப் பிரசியச் சட்டம் வந்தவாறே இஃதும் வந்தது. ஆயின் இங்கு ஓர் உல்ரிக்சு எழவில்லை. இணைப்பு விழாக்களின் ஆரவாரத்தில் ஒரு பிரிவின் வருகையை யார் எண்ணிப் பார்ப்பர்? 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம், வயது வந்தோர் இசைந்து ஒழுகுவது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தபோது, தஞ்சையார் 156 ஆண்டுகட்குப் பின் பெற்றதனைக் காரைக்காலார் 55 ஆண்டுகட்குப் பின் மீளப் பெற்றனர்.

இருவேறு சட்டம் இருந்தும் இலக்கியம் இரண்டாகவில்லை. எல்லையின் இருபாலும் படித்த நூல்கள் ஒன்றே. பாட்டிமார் கூறிய பேய்க்கதைகளும் ஒன்றே. சட்டம் வாய்மூடியிருத்தலும் சமுதாயம் வாய்திறக்க இசைதலும் வெவ்வேறு. ஆகவே, சட்டம் மட்டுமே பேய்முகமூடியைப் படைத்தது என்னும் கொள்கை வலுவுடையதன்று என்க. முகமூடிக்கு ஏற்ற முகம் அம்மொழியின் மரபில் முன்னரே இருத்தல் வேண்டும். தமிழ் மரபில் பேய் தனிக்காதலுக்கு உரிய முகமாக அமையவில்லை. இறந்த நண்பன் இருக்கும் நண்பனை அழைக்கும் நிலையைத் தமிழ் வேறோர் உருவத்தில் வைத்துப் போற்றியது. அவ்வுருவம் நடுகல்.

கோப்பெருஞ்சோழன் மக்களோடு மாறுபட்டு வடக்கிருந்தான். காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையார் பாண்டிநாட்டினின்று வந்து உடன் உயிர்நீத்தமையை யாவரும் போற்றுவர்; நட்பதிகாரத்துக் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் இவ்விருவரையே சான்று காட்டினார். எம் கருத்துக்கு அவரினும் நெருங்கியவர் பொத்தியார். உடன் வடக்கிருக்க விழைந்த அவரை, கருவுற்ற மனைவிக்கு மகன் பிறந்தபின் வருக எனச் சோழன் தடுத்தான். மகன் பிறந்தபின் அவர் மீண்டார். அப்போது சோழன் இல்லை, நடுகல்லே நின்றது. கல்லான பின்னும் அவன் தமக்கு இடம் தந்ததாகப் பொத்தியார் பாடி, அவ்விடத்தே உயிர் துறந்தார் என்பது புறநானூறும் அதன் குறிப்புகளும் தரும் செய்தி.

மானோர் கதையையும் இதனையும் அருகருகே வைத்து நோக்குக. ஈரிடத்தும் இறந்தவன் அழைக்கின்றான், இருப்பவன் செல்கின்றான், ஒரே இடத்தில் இருவரும் அடங்குகின்றனர். பரோ தீவில் ஊரார் பிரிப்பதற்காகக் கழு அறைகின்றனர். உறையூர்ப் பக்கத்தில் சான்றோர் நினைவு நிலைப்பதற்காகக் கல் நடுகின்றனர். அங்கே வருகை இரவில். இங்கே பகலில், சான்றோர் பலர் காண. இது கொண்டு பொத்தியாரை ஒருபாற் காதலர் என்று கூறத் துணிதல் ஆராய்ச்சி நேர்மை ஆகாது. அவருக்கு மனையும் மகவும் உண்டு, பாடல்களும் உடலின்பத்தைப் பேசவில்லை. அதேபோல், நட்பென்ற ஒரு சொல்லால் வேலியிட்டு, அவ்வேலிக்குள் என்ன இருந்தது என நோக்குவதையே குற்றமாக்குவதும் நேர்மை அன்று. காதலின் பொருட்டு உயிர்விடுதலை அகத்திணையில் கற்பென்றும், நட்பின் பொருட்டு விடுதலைப் புறத்திணையில் கையறுநிலை என்றும் பகுத்தவர் இலக்கணிகள். பகுப்பு அவர்களுடையது, ஆற்றாமை பாடியவருடையது.

இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டு வளர்ச்சியை விரிவாகக் கூற வேண்டுவதில்லை. ஆன் ரைசு 1976-இல் எழுதிய நெடுங்கதையில் குருதிப்பேய்களே தம் கதையைத் தாம் கூறத் தொடங்கின. இரு ஆண் பேய்கள் ஒரு பெண்குழந்தைப் பேயை மகளாக வளர்த்து இல்லறம் நடத்தின. அடிமைத்தளையினின்று தப்பிய கருநிறப் பெண்ணொருத்தியை நாயகியாக்கி, பெண்களிடைக் காதலைப் பேசும் கில்டா கதைகளை ஜுவெல் கோமசு 1991-இல் வெளியிட்டார். அதில் குருதி பெறுதல் கொள்ளையன்று, கொடுக்கல் வாங்கல் ஆகும். ஏறத்தாழப் பரணிப் பேயின் பகிர்வுக்கு அது மீண்டது எனலாம். இவர்களைப் பின்பற்றி எழுந்த இன்பச்சுவைச் சிறுகதைகள் எண்ணிறந்தன. அவற்றுள் பெரும்பாலானவை கருவால் ஒன்றே, பெயரால் மட்டும் வேறு. எனினும் அவை பரவிய காலத்தை மறத்தலாகாது. குருதிவழிப் பரவும் எச்.ஐ.வி. நோய் அமெரிக்காவில் ஆண்விழை ஆடவரை வாரிக்கொண்டு போன காலம் அது. இந்தியாவில் அந்நோய்க்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், சுனிதி சாலமன், நிர்மலா ஆகிய இரு மகளிரின் முயற்சியால். 2017-இல் நடுவண் அரசின் தேசியக் குருதிமாற்றுக் குழு வெளியிட்ட நெறிமுறை, ஆடவரோடு உறவுகொள்ளும் ஆடவரையும் திருநங்கையரையும் குருதிக்கொடை தருவதினின்று விலக்கிற்று. 2021-இல் அது உச்சநீதிமன்றத்தில் வழக்காயிற்று. ஒருவன் குருதியே ஐயத்துக்குரியது என்று தாள்மீது எழுதப்படும் நாளில், அக்குருதியை விரும்பிப் பருகும் காதலனைக் கற்பனை செய்வோன் வெறும் கேளிக்கைக்காக மட்டுமே அதனைச் செய்கின்றான் எனல் பொருந்துமோ?

இறுதியாகத் தமிழ்ச் சிறுகதை ஒன்று. புதுமைப்பித்தனின் காஞ்சனை 1943-இல் தொகுதியாய் வந்தது. அதன் தலைமைக் கதையைப் பேய்க்கதை எனவும், பேய் உண்டோ இன்றோ என்னும் ஐயக்கதை எனவும் திறனாய்வாளர் பலவாறு பேசியுள்ளனர். யாம் சுட்ட விழைவது அதன் அமைப்பை மட்டுமே. வாயிலில் வந்து நிற்கும் பெண்ணொருத்தியை மனைவி விரும்பி வீட்டில் வேலைக்கு வைத்துக்கொள்கின்றாள். அவளிடம் பெரிதும் ஒட்டுகின்றாள். இரவில் இருவரும் அருகருகே உறங்குகின்றனர். அஞ்சுபவன் கணவன் ஒருவனே. நள்ளிரவில் மனைவியின் குரல்வளையில் ஒரு துளிக் குருதியை அவன் காண்கின்றான். வீட்டுக்குள் அழைக்கப்பட்ட அயல்மகள், அவளை அழைத்த பெண்ணின் பற்று, கழுத்தில் குருதி, காவலனாகிய ஆடவனின் நடுக்கம் ஆகிய நான்கும் கார்மில்லாவிலும் உள்ளவையே. ஆனால் லெ பானு, தாக்குண்ட பெண்ணையே பேசவைத்தார். அதனால் அவள் கொண்ட விருப்பும் வெறுப்பும் ஒருங்கே நமக்குத் தெரிகின்றன. புதுமைப்பித்தன் கணவனைப் பேசவைத்தார். ஆகவே, அப்பெண்கள் இருவரும் இரவிற் பேசிக்கொண்ட பேச்சில் அவன் செவிக்கு எட்டியது மட்டுமே நமக்குக் கிடைக்கின்றது. முடிவில் அவள் இனி வாராதிருத்தற் பொருட்டு மனைவியின் நெற்றிக்கெனச் சாம்பல் தரப்படுகின்றது. அவள் வாராமையை மனைவி விரும்பினாளா என்று கதையில் எவரும் அவளைக் கேட்கவில்லை.